கசக்கும் சொல்லும் கேட்கும் செவியும்

இருவர் வாதிடும் இடங்களில் அடிக்கடி காதில் விழும் சொற்றொடர் ஒன்றுண்டு: "உள்ளதைத்தானே சொன்னேன்!" அதற்கு மறுமொழியாக வருவதும் ஒன்றுண்டு: "சொல்வதற்கும் ஒரு முறை இல்லையா?" முன்னவர் தாம் வாய்மையின் பக்கம் நிற்பதாக எண்ணுகிறார், பின்னவர் தாம் பண்பின் பக்கம் நிற்பதாக எண்ணுகிறார். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட எல்லை எது? வெட்டொன்று துண்டிரண்டாகப் பேசுவது எப்போது அறமாகும்? பணிந்து பேசுவது எப்போது வெறுங் கூழைக்கும்பிடாகும்? இவ்வினாவிற்கு நம் பண்டை நூல்களில் விடையுண்டு. மலாயாத் தோட்டத் தமிழர் வரலாற்றிலும் அதற்கு விடையுண்டு. இரண்டையும் சேர்த்து நோக்குவது பயன் தரும்.

வள்ளுவர் வகுத்த நெறி

திருவள்ளுவர் இனியவை கூறலை இல்லறவியலில் வைத்தார். வாய்மையைத் துறவறவியலில் வைத்தார். தீமை பயவாத சொல்லே வாய்மை என்று இலக்கணம் வகுத்தார். குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்றும் கூறினார். இவ்வளவில் நிறுத்திக்கொள்பவர், வள்ளுவர் எக்காலத்தும் மென்சொல்லையே விரும்பினார் என்று முடிவு கட்டிவிடுவர். அது பிழை.

பொருட்பாலுக்கு வந்தால் அவரே வேறு குரலில் பேசுகிறார். நட்புச் செய்வது கூடிச் சிரிப்பதற்கு அன்று, வரம்பு கடக்குமிடத்து முற்பட்டு இடித்துரைப்பதற்கே என்கிறார். அழும்படி சொல்லியேனும் திருத்த வல்லவரைத் தேடி நட்புக் கொள்க என்கிறார். எல்லாவற்றிற்கும் மேலாக, இறைமாட்சி அதிகாரத்தில், காது கசக்கும்படி பிறர் சொல்லும் சொல்லைப் பொறுக்கும் பண்பு உடைய வேந்தனின் குடைநிழலிலேயே உலகம் தங்கும் என்கிறார்.

இங்கு நுணுகி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. கசப்பைப் பொறுக்கும் கடமையை வள்ளுவர் யார்மேல் சுமத்துகிறார்? எளியவன்மேல் அன்று, ஆற்றல் மிக்க வேந்தன்மேல். ஆதலின், எல்லையைச் சொல்லின் வன்மை மென்மையில் மட்டும் தேடுதல் போதாது. சொல்பவன் யார், கேட்பவன் யார், பொறுக்க வேண்டியவன் யார் என்பதிலும் தேட வேண்டும்.

புலவரும் புரவலரும்

தொல்காப்பியச் செய்யுளியல் வாயுறை வாழ்த்து என ஒன்றைக் குறிக்கிறது. முதலில் வேம்பைப்போல் கசந்து, பின்னர் நன்மை பயக்கும் அறிவுரை அது. அதற்கு 'வாழ்த்து' என்றே பெயரிட்டிருப்பது எண்ணி மகிழத்தக்கது. அதே இயல் செவியறிவுறூஉ என மற்றொன்றையும் கூறுகிறது. பெரியோர் நடுவே செருக்கின்றி அடங்கியிருத்தல் கடன் என்று செவியில் அறிவுறுத்துவது அது.

பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் பாடிய புறநானூற்று 184ஆம் பாட்டு இச் செவியறிவுறூஉத் துறையைச் சார்ந்தது. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக ஊட்டினால் சிறு நிலமும் யானைக்குப் பல நாள் உணவாகும். யானையே வயலில் புகுந்தால் அது தின்பதைவிட அதன் காலால் அழிவது மிகுதி. வரி தண்டும் முறையைப் புலவர் இவ்வாறு உணர்த்தினார். 'நீ குடிகளை வருத்துகிறாய்' என்று வைதாரல்லர். வருத்தவில்லை என்று பொய்யாகப் புகழ்ந்தாரும் அல்லர்.

கோவூர் கிழாரோ இன்னும் கடுமையாகப் பேசியவர். ஆவூர்க் கோட்டைக்குள் கதவடைத்துக் கிடந்த நெடுங்கிள்ளியிடம், அறமுடையவனாயின் கோட்டை நின்னது எனக் கூறிக் கதவைத் திற. வீரமுடையவனாயின் போருக்குத் திற. இரண்டும் செய்யாது ஒடுங்கிக் கிடப்பது நாணத்தக்கது என்றார். முகத்தில் அடித்தாற்போன்ற சொல்லே இது. ஆயினும் அது அரசனை இழிவுபடுத்த எழுந்ததன்று. முற்றுகையால் பசித்துக் கிடந்த யானைகளையும் பாலின்றி அழுத குழந்தைகளையும் எண்ணி எழுந்தது.

ஆக, பண்டைத் தமிழ் மரபில் கடுஞ்சொல் மேல்நோக்கிச் செல்லலாம். அதைத் தாங்குவது மேலோர் கடன்.

தோட்டத்தில் தலைகீழான முறை

கோல சிலாங்கூர்க் கடற்கரை முதல் உலு யாம் மலையடிவாரம் வரை பரந்து கிடந்த ரப்பர்த் தோட்டங்களில் இம்முறை தலைகீழாயிற்று. உச்சியில் துரை, அவருக்குக் கீழே கிராணி, அவருக்குக் கீழே கங்காணி, அடியில் பால்மரம் வெட்டும் தொழிலாளி. கடுஞ்சொல் மேலிருந்து கீழே இறங்கியது. பணிவு கீழிருந்து மேலே ஏறியது. கசப்பைப் பொறுக்கும் கடமை முழுவதும் எளியவன் தலையில் விழுந்தது.

துரைமார் கற்ற தமிழே இதற்குச் சான்று. இலங்கைத் தோட்டங்களின் சின்னதுரைமார்க்கென ஃபெர்குசன் என்பார் 19ஆம் நூற்றாண்டில் வெளியிட்ட தமிழ்க் கையேட்டின் பெயர் 'இங்கே வா' என்பதாகும். 'வாருங்கள்' என்றோ 'வாரும்' என்றோ இல்லை; 'வா' என்னும் ஒருமை ஏவலே நூலின் பெயராயிற்று. முன்னிலைச் சொல்லில் மதிப்பின் படிகளைக் கற்பிக்கும் தமிழாசிரியர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுவதில்லை.

1941ஆம் ஆண்டுக் கிள்ளான் போராட்டம்

இவ்வமைதி 1941ஆம் ஆண்டில் உடைந்தது. ஐரோப்பியப் போரினால் ரப்பருக்குத் தேவை மிகுந்தது, விலைவாசியும் உயர்ந்தது, தமிழ்த் தொழிலாளியின் கூலியோ சீனத் தொழிலாளியின் கூலியைவிடக் குறைந்தே இருந்தது. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் தொடங்கியது. 'தமிழ் நேசன்' ஆசிரியர் குழுவில் பணியாற்றிய ஆர். எச். நாதன், கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் வாயிலாகத் தொழிலாளர்க்கு வழிகாட்டினார்.

தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகள் பன்னிரண்டு. சீனரோடு சமமான கூலி, பிள்ளைகளுக்குத் தக்க கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களின் மானத்திற்குப் பாதுகாப்பு முதலியன அவற்றுள் அடங்கும். ஆயினும் நம் பொருளுக்கு மிக நெருங்கியவை நான்கு: பேசவும் கூடவும் உரிமை வேண்டும், குறை சொன்னவரைப் பழிவாங்கலாகாது, குறைகளை எடுத்துரைக்கச் சங்கம் அமைக்க இசைவு வேண்டும், துரையையோ கிராணியையோ எதிரே கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும்.

கூலிக் கோரிக்கையோடு சைக்கிளைச் சேர்த்தது ஏன் என்று சிலர் வியக்கலாம். அங்கேதான் உண்மை இருக்கிறது. மனமுவந்து ஒருவருக்காக இறங்கி நிற்பது மரியாதை. இறங்காவிடின் தண்டனை என்னும் அச்சத்தால் இறங்குவது மரியாதையன்று, வரி. அவ்வரியைச் செலுத்திக்கொண்டிருப்பவன் தன் குறையை உள்ளபடி எடுத்துரைத்தல் இயலாது. இறங்காமல் செல்லும் உரிமையும் வாய்திறந்து சொல்லும் உரிமையும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை அத்தொழிலாளர் நன்குணர்ந்திருந்தனர்.

அவர்கள் துரைமாரை வையவில்லை. வேண்டுவது இன்னதென்று ஒளிக்காமல் கூறினர். வாயுறை வாழ்த்தின் இயல்பு இதுவே. ஆனால் கேட்கும் செவி இல்லை. 1941 மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். தொழிலாளர் கொதித்தெழுந்தனர், வேலைநிறுத்தம் சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவியது. மே 16ஆம் நாள் அவசரநிலை அறிவிக்கப்பட்டது, படை வரவழைக்கப்பட்டது. ஐவர் உயிரிழந்தனர். காது கசக்கும் சொல்லைப் பொறாத ஆட்சி என்ன விலை கேட்கும் என்பதற்கு இது சான்று. அவ்வாண்டு முடிவதற்குள் ஜப்பானியர் மலாயாவில் புகுந்தனர்.

போருக்குப்பின் நிலை மாறியது. 1954ஆம் ஆண்டில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. துரைமார் தரப்பும் தொழிலாளர் தரப்பும் ஒரே மேசையின் இருபுறமும் அமர்ந்து வாதிட்டன. கேட்டன யாவும் கிடைத்துவிடவில்லை. எனினும் அமர்ந்து பேசும் இடம் கிடைத்தது. இருபுறத்தார்க்கும் மரியாதை கடமையானபோதுதான் உண்மையைச் சொல்வதும் எளிதாயிற்று.

நமக்குள்ள பாடம்

இவ்வளவும் துரைமாரை மட்டும் குறைகூற எழுந்ததன்று. துரையின் முன் கைகட்டி நின்ற அதே மனிதன், லயத்துக்குத் திரும்பியதும் மனைவியிடமும் மக்களிடமும் 'உள்ளதைச் சொல்கிறேன்' என்று சுடுசொல் வீசியதும் உண்டு. மேலே இருப்பவரிடம் பணிவு, கீழே இருப்பவரிடம் வாய்மை என்று பங்கிட்டுக்கொள்வது வாய்மையும் ஆகாது, பணிவும் ஆகாது. எதிர்த்துப் பேச இயலாதவரிடம் மட்டும் வெளிவரும் உண்மையைத் துணிவு என்று எவ்வாறு கூறுவது?

இன்று பல தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடங்கொடுத்துவிட்டன. லயங்களும் மறைந்து வருகின்றன. ஆயினும் வாதங்கள் மறையவில்லை. வீட்டிலும் ஆலயக் கூட்டத்திலும் வகுப்பறையிலும் அவை நாள்தோறும் நிகழ்கின்றன. அங்கெல்லாம் தந்தையோ தலைவரோ ஆசிரியரோ ஒருவர் மேலிடத்தில் இருக்கிறார். சொல்பவர் இனிமையாகச் சொல்லட்டும் என்று எதிர்பார்ப்பது தவறன்று. ஆனால் முதற்கடமை கேட்பவருடையது.

கரும்பலகையில் ஆசிரியர் எழுதிய கணக்கில் பிழையிருப்பதைக் கண்டு ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, அது தப்பு" என்று பட்டென்று சொல்லிவிடுகிறான் என்போம். சொன்ன முறை சற்றுக் கரடுமுரடாக இருக்கலாம். முதலில் பிழையைத் திருத்திவிட்டு, அதன்பின் சொல்லும் முறையைக் கற்பிப்பவரே நல்லாசிரியர். முறையைக் காட்டிப் பிழையை மறைப்பவர், சைக்கிளிலிருந்து இறங்கச் சொன்ன அக்காலத் துரையினும் வேறுபட்டவர் ஆகார்.