எலி சொல்லாததைச் செல் சொன்னது

காசநோய்க்கு மருந்து சாப்பிடத் தொடங்குகிறவர்கள் முதலில் பயந்துபோவது ஒரு விஷயத்துக்காக: சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். குறிஞ்சிப்பாடியோ சிதம்பரமோ, எந்த ஆஸ்பத்திரி நர்சைக் கேட்டாலும் பயப்பட ஒன்றுமில்லை, மாத்திரையின் நிறம்தான் என்பார். அந்த மாத்திரைதான் ரிஃபாம்பிசின். நிறத்தால் தீங்கில்லை. ஆனால் அதே மாத்திரை ஈரலுக்குள் செய்யும் இன்னொரு வேலை விளங்க முப்பது வருடம் ஆனது.

காசநோய் மருத்துவ வரலாற்றில் சென்னைக்குப் பெரிய இடம் உண்டு. 1956ல் இங்கே தொடங்கிய ஆய்வு மையம், நோயாளியைச் சானடோரியத்தில் அடைக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் குணமாகும் என்று 1959ல் உலகத்துக்குக் காட்டியது. அப்போது சிகிச்சை ஒரு வருடம். 1968ல் இத்தாலியில் விற்பனைக்கு வந்த ரிஃபாம்பிசின்தான், மற்ற மருந்துகளோடு சேர்ந்து, பின்னாளில் அதை ஆறு மாதமாகக் குறைத்தது.

கூடவே ஒரு சிக்கலும் வந்தது. இந்த மருந்தோடு கருத்தடை மாத்திரையும் சாப்பிட்ட பெண்களுக்கு மாதவிலக்கு ஒழுங்கு குலைவதாக 1971ல் ஜெர்மனியிலிருந்து தகவல் வந்தது. சிலர் கர்ப்பமும் ஆனார்கள். மாத்திரையை ஒருநாள்கூட மறக்காத பெண்ணைப் பார்த்து "நீ மறந்திருப்பாய்" என்று வீட்டார் சொன்னால் அவள் என்ன பதில் சொல்வாள்?

ஈரல் மருந்துகளைச் சிதைக்கும் நொதியை அதிகமாக உருவாக்குவதே காரணம் என்று சீக்கிரமே தெரிந்தது. சரி, மருந்து வந்திருப்பது ஈரலுக்கு எப்படித் தெரிகிறது?

விடை உட்கரு ஏற்பிகளில் இருந்தது. ஹார்மோனைப் பிடித்துக்கொண்டு மரபணுவை இயக்கும் புரதங்கள் இவை. 1958ல் எல்வுட் ஜென்சன் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்குத் தடயம் கண்டார். 1985, 86ல் ரொனால்ட் எவான்சும் பியர் ஷாம்போனும் இத்தகைய ஏற்பிகளின் மரபணுக்களைப் பிரித்தெடுத்தார்கள். மூவருக்கும் 2004ல் லாஸ்கர் விருது கிடைத்தது. மனிதனுக்கு மொத்தம் 48 உட்கரு ஏற்பிகள். அவற்றில் பி.எக்ஸ்.ஆர். என்பது 1998ல் கண்டறியப்பட்டது. ரிஃபாம்பிசின் போய் ஒட்டுவது இதில்தான்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. எலியின் பி.எக்ஸ்.ஆர். ரிஃபாம்பிசினை அநேகமாகக் கண்டுகொள்வதே இல்லை! எலியை மட்டும் நம்பிச் சோதித்திருந்தால் இந்த ஆபத்து தெரிந்தே இருக்காது. மனித ஏற்பியையே செல்லுக்குள் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

அதற்கு உதவியவைதான் நிலையான செல் வரிசைகள். ஏற்பியின் மரபணுவோடு, மின்மினிப் பூச்சியின் ஒளி தரும் மரபணுவையும் செல்லுக்குள் செலுத்துவார்கள். நஞ்சைத் தாங்கும் மரபணு ஒன்றும் உடன் போகும். பிறகு ஜி418 என்ற நஞ்சை ஊற்றினால் புது மரபணுக்களை ஏற்காத செல்கள் செத்துவிடும். பிழைத்தவற்றைத் தனித்தனியாக வளர்த்து, சரியாக வேலை செய்வதைத் தேர்ந்தெடுப்பார்கள். தற்காலிகமாகச் செலுத்திய மரபணு சில நாளில் மறைந்துவிடும். இதுவோ தலைமுறை தலைமுறையாகத் தொடரும். உறையவைத்து, வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். சோதிக்கும் மருந்து ஏற்பியை எழுப்பினால் செல் ஒளிரும். அந்த ஒளியைக் கருவியால் அளந்தால் போதும்.

இந்தியாவிலும் இந்த வேலை நடந்தது. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ராகேஷ் தியாகியின் குழு, செல் பிரியும்போதும் பி.எக்ஸ்.ஆர். குரோமோசோமை விடாமல் பற்றிக்கொண்டிருப்பதை 2005ல் வெளியிட்டது. மனித பி.எக்ஸ்.ஆரும் மின்மினி மரபணுவும் நிலையாகக் குடியேறிய ஈரல் செல் வரிசையையும் உருவாக்கியது. அதற்கு அடிப்படையான ஹெப்ஜி2 செல்கள், அர்ஜென்டினாவைச் சேர்ந்த 15 வயதுப் பையன் ஒருவனின் ஈரல் கட்டியிலிருந்து 1970களில் எடுக்கப்பட்டவை.

இன்று ரிஃபாம்பிசின் சாப்பிடும் பெண்ணுக்கு, கருத்தடை மாத்திரையை நம்பாமல் வேறு முறையைப் பின்பற்றும்படி மருத்துவர்கள் சொல்கிறார்கள். நோயாளிகளைப் பார்த்த மருத்துவர்களின் அனுபவத்தில் பிறந்த அறிவுரை அது. ஏன் என்ற கேள்விக்குப் பதில் தந்தவை செல்கள்தான். இனி வரப்போகும் புது மருந்து ஒன்று இதே தொல்லையைத் தருமா என்பதை, ஒரு பெண்ணும் பாதிக்கப்படும் முன்பே, அவற்றின் வெளிச்சத்தில் பார்த்துவிடலாம்.