இரண்டு கதைகள், இரண்டு கவசங்கள்

அயர்ன் மேன் படங்கள் பார்த்து வளரும் நம் பிள்ளைகளுக்கு, இயந்திரக் கவசம் என்றால் அந்தச் சிவப்பு உடுப்புத்தான். ஆனால் அயர்ன் மேன் சித்திரக்கதையில் தோன்றியது 1963இல். அதற்கு முன்பே, 1959இல், ரொபர்ட் ஹைன்லைன் தன் 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' நாவலில் ஒரு படைக்கே அப்படியான கவசத்தை அணிவித்துவிட்டார். (1997இல் வந்த படத்தில் அந்தக் கவசமே இல்லை. படத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு நட்டம்தான்.)

அந்தக் கவசத்தின் உட்புறம் முழுக்க அழுத்தத்தை உணரும் கருவிகள். சிப்பாய் கையை அசைத்தால் கவசமும் அதே கணத்தில், பல மடங்கு பலத்தோடு அசையும். கட்டடங்களைத் தாண்டிப் பாயலாம். மூச்சுக்குக் காற்று உள்ளேயே இருக்கும். முழு ஆயுதங்களோடு ஏறக்குறைய ஒரு தொன் எடை. அணிந்தவனுக்கோ அந்தப் பாரம் தெரியாது. ஹைன்லைன் கடற்படை அதிகாரியாக இருந்து, காசநோயால் 1934இல் ஓய்வுபெற்றவர். போர்க்களம் கண்டவரல்லர்.

நிஜத்திலும் முயன்று பார்த்தார்கள். 1960களில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 'ஹார்டிமன்' என்ற இயந்திர உடலைச் செய்தது. சுமார் 680 கிலோ தூக்குவதே இலக்கு. கடைசியில் ஒரு கை மட்டும்தான் ஒழுங்காக வேலை செய்தது. 2013இல் அமெரிக்க விசேட படைகள் தொடங்கிய 'டாலோஸ்' திட்டமும் முழுக் கவசம் தராமலேயே 2019இல் முடிந்தது.

1974இல் 'த ஃபொரெவர் வோர்' நாவலை எழுதிய ஜோ ஹோல்ட்மன் வேறு ரகம். வியட்நாமில் பொறியியல் படைப்பிரிவில் இருந்து, 1968இல் படுகாயமடைந்தவர். அவருடைய கவசமும் பலசாலிதான். ஆனால் அதன் முதுகில் வெப்பத்தை வெளியேற்றும் தகடுகள் உண்டு. உறைந்துபோன கோளொன்றில் பயிற்சி நடக்கும்போது அந்தத் தகடுகள் பனியில் பட்டால் போதும், வெடித்துவிடும். எதிரியே தேவையில்லை!

சிப்பாயின் கால் சிதைந்தால் கவசமே அதைத் துண்டித்து, காயத்தை அடைத்து, உயிரைக் காப்பாற்றும். மிதிவெடியில் காலை இழந்தவர்களை நேரில் கண்ட நம் தலைமுறைக்கு அந்தப் பகுதியைச் சும்மா வாசித்துவிட்டுப் போக முடியாது. கதாநாயகன் மண்டெல்லாவின் கால் அப்படித்தான் போகிறது. பிறகு மருத்துவமனையில் புதிய காலொன்றை வளர்த்துக் கொடுக்கிறார்கள். அவன் குணமானதும் பதவி உயர்வு கொடுத்து, திரும்பவும் போருக்கே அனுப்புகிறார்கள்.