பச்சைக் குறியும் வேதாகமமும்



நம் தோட்டங்களில் வாழ்ந்த மூத்த தலைமுறைப் பெண்களின் முன்கைகளை நாம் பார்த்திருக்கிறோம். புள்ளிக் கோலம், தேள், பெயர் என்று பச்சை குத்தியிருக்கும். ஊரில் குறத்தி வந்து குத்திவிட்டுப் போன அந்தக் குறி, கப்பலேறி அவர்களோடு வந்தது. எந்த அடகுக் கடையாலும் பறிக்க முடியாத நகை அது.

அத்தகைய பாட்டி ஒருவர் கிறிஸ்தவக் குடும்பத்தில் இருந்தால், "பச்சை குத்துவது பாவம் என்று வேதத்தில் எழுதியிருக்கிறதே, பாட்டி?" என்று பேரப்பிள்ளை கேட்பதுண்டு. பாட்டி பதில் சொல்லாமல் சேலைத் தலைப்பை இழுத்துக் கையை மூடிக்கொள்வார். அவர் கையை மூடத்தான் வேண்டுமா? விடை காண வரலாற்றில் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம்.

பேரப்பிள்ளை சொன்ன வசனம் உண்மையிலேயே இருக்கிறது. லேவியராகமம் 19ஆம் அதிகாரம், 28ஆம் வசனம். இறந்தவர்களுக்காக உடலைக் கீறிக்கொள்ளக் கூடாது, உடலில் குறிகளைப் பொறிக்கக் கூடாது என்பது அதன் பொருள். இரண்டும் ஒரே வசனத்தில் சேர்ந்து வருவதைக் கவனிக்க வேண்டும். இஸ்ரவேல் மக்களைச் சுற்றி வாழ்ந்தவர்கள், துக்கத்திலும் வழிபாட்டிலும் உடலைக் கீறி இரத்தம் சிந்துவதுண்டு. பாகாலின் பூசாரிகள் கத்தியால் தங்களைக் கீறிக்கொண்டதை வேதாகமமே சொல்கிறது. அந்த வழக்கத்திலிருந்து தம் மக்களைப் பிரித்து நிறுத்த எழுந்த சட்டம் இது. இதே அதிகாரம் தாடியின் ஓரத்தை வெட்டக் கூடாது என்றும், இருவகை நூல் கலந்த துணியை உடுத்தக் கூடாது என்றும் விதிக்கிறது. அவ்விரு விதிகளையும் இன்று பெரும்பாலான கிறிஸ்தவர்கள் கடைப்பிடிப்பதில்லை.

இன்னொரு பின்னணியும் உண்டு. அக்காலத்தில் உடற்குறி என்பது பெரும்பாலும் அடிமைக் குறி. எகிப்திய மன்னன் மூன்றாம் ராம்சேஸ், போரில் பிடித்த கைதிகளுக்குத் தன் பெயரால் குறியிட்டதாக அவன் காலத்து ஆவணம் கூறுகிறது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில், நைல் நதியின் எலிபன்டைன் தீவில் வாழ்ந்த யூதர்களின் பத்திரங்கள் கிடைத்துள்ளன. அவற்றில் ஓர் அடிமையின் வலக்கையில் உடைமையாளரின் பெயர் பொறிக்கப்பட்டிருந்ததாக எழுதப்பட்டிருக்கிறது. மாட்டுக்குச் சூடு போடுவதுபோல மனிதனுக்கும் குறி!

இந்தப் பின்னணியோடு படித்தால், ஏசாயா 44ஆம் அதிகாரத்தின் ஒரு வரி புதிதாகத் தெரியும். ஒருவன் தன் கையில், தான் கர்த்தருக்கு உரியவன் என்று எழுதிக்கொள்வான் என்கிறது அது. அடிமையின் கையில் எசமான் பெயர் இருந்த இடத்தில், இவன் தானே விரும்பிக் கடவுளின் பெயரை எழுதுகிறான். பவுல் அப்போஸ்தலரும் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் முடிவில், இயேசுவின் அடையாளங்களைத் தம் உடலில் சுமப்பதாகச் சொல்கிறார். அவர் சொன்னது அடிபட்ட தழும்புகளை. ஆனால் அவர் எடுத்தாண்ட கிரேக்கச் சொல், அடிமைகளுக்கும் குற்றவாளிகளுக்கும் இடும் குறியைக் குறிக்கும் அதே சொல்.

ரோமானிய ஆட்சியில் ஓடிப்போன அடிமைகளின் நெற்றியிலும், சுரங்க வேலைக்குத் தண்டிக்கப்பட்டவர்களின் முகத்திலும் பச்சை குத்தினார்கள். விசுவாசத்திற்காகத் தண்டிக்கப்பட்ட கிறிஸ்தவர்களும் அந்தக் குறியைச் சுமந்தார்கள். 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கான்ஸ்டன்டைன் பேரரசர், தண்டனை பெற்றவரின் முகத்தில் குறியிடக் கூடாது என்று சட்டம் இயற்றினார். மனித முகம் தெய்வீக அழகின் சாயலில் அமைந்தது என்பது அவர் சொன்ன காரணம். எனினும் கையிலும் கெண்டைக்காலிலும் குறியிட அச்சட்டம் இடம் கொடுத்தது.

அடுத்த நூற்றாண்டுகளில் கிறிஸ்தவர்கள் தாமாகவே பச்சை குத்தத் தொடங்கினார்கள். மணிக்கட்டிலும் புயத்திலும் சிலுவையையோ கிறிஸ்துவின் பெயரையோ பொறித்துக்கொண்டவர்களைப் பற்றி, 6ஆம் நூற்றாண்டில் காசா நகரத்துப் புரோகோப்பியஸ் எழுதுகிறார். 787இல் இங்கிலாந்தின் வட பகுதியில் கூடிய திருச்சபைச் சங்கம் இதற்கு ஒரு வரையறை சொன்னது. கடவுளுக்காக ஒருவன் இந்த வேதனையை ஏற்றால் அது பாராட்டுக்குரியது; பழைய மூட வழக்கத்திற்காக ஏற்றால் அதனால் பயனில்லை.

எருசலேமுக்குப் புனிதப் பயணம் சென்றவர்கள், திரும்பும்போது கையில் சிலுவைக் குறியோடு வந்தார்கள். மரக்கட்டையில் செதுக்கிய அச்சை மையில் தோய்த்துத் தோலில் பதித்து, அதன்மேல் ஊசியால் குத்துவார்கள். 1612இல் வில்லியம் லித்கோ என்னும் ஸ்காட்லாந்துப் பயணி இவ்வாறு குத்திக்கொண்டார். பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னரான வேல்ஸ் இளவரசரும் 1862இல் அங்கே தம் கையில் பச்சை குத்திக்கொண்டார்.

எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்களுக்கோ இது பயண நினைவன்று, பிறப்புரிமை. சிறு வயதிலேயே வலது மணிக்கட்டின் உட்புறத்தில் சிறிய சிலுவை குத்தப்படும். கெய்ரோவில் மொகாட்டம் மலையடியில் குப்பை பொறுக்கிப் பிழைக்கும் ஏழைத் தொழிலாளர் குடும்பங்களின் கைகளிலும் அதைக் காணலாம். சிறுபான்மையாக வாழும் நாட்டில், ஆபத்து வந்தாலும் மறைக்க முடியாத குறி அது. மறைக்க முடியாது என்பதே அவர்களுக்குப் பெருமை.

இந்த வரலாற்றில் நம் நாட்டுப் பகுதிக்கும் ஓர் ஏடு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில், இந்தியாவில் ஆயுள் தண்டனை பெற்றவர்களின் நெற்றியில் பெயரையும் குற்றத்தையும் பச்சை குத்தினார்கள். அந்த வழக்கம் 1849இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. அப்படிக் குறியிடப்பட்ட பலர் பினாங்குக்கும், 1825 முதல் சிங்கப்பூருக்கும் கொண்டுவரப்பட்டார்கள். சாலை வெட்டினார்கள், காடு திருத்தினார்கள். சிங்கப்பூரின் புனித அந்திரேயா பேராலயத்தைக் கட்டியதும் இந்தியக் கைதிகளின் உழைப்பே. அது அருட்பொழிவு பெற்ற ஆண்டு 1862. இளவரசர் எருசலேமில் விரும்பிக் கையை நீட்டிய அதே ஆண்டு! முகத்தில் குறியிடாதே என்று கிறிஸ்தவப் பேரரசர் ஒருவர் சொல்லி 1500 ஆண்டுகள் கழிந்த பின்னும், கிறிஸ்தவர்கள் என்று சொல்லிக்கொண்ட ஆட்சியாளர்கள் ஏழையின் நெற்றியில் ஊசி ஏற்றியிருந்தார்கள்.

நேயர்களே, இன்றும் திருச்சபைகளிடையே ஒரே கருத்து இல்லை. உடல் தூய ஆவியின் ஆலயம் என்ற பவுலின் வாக்கைக் காட்டிக் கூடாது என்போர் உண்டு. அவர்களின் அக்கறையை எளிதாகத் தள்ளிவிட முடியாது. சுத்தமற்ற ஊசி கல்லீரல் நோயைக் கொண்டுவரும் என்பதையும், குத்தியதை அழிப்பது எளிதன்று என்பதையும் இளைஞர்கள் மறக்கக் கூடாது. குத்துமுன் பெற்றோரோடும் போதகரோடும் பேசுவது நல்லது.

ஆனால் ஏற்கெனவே குத்திய கையை என்ன செய்வது? வரலாறு நமக்கு இரு கேள்விகளைக் கற்றுத் தருகிறது. இந்தக் குறியை இட்டவர் யார்? எந்த எண்ணத்தோடு இட்டார்? ஒரு மனிதனைப் பொருளாக்கி அவன்மேல் இட்ட குறிக்கு, இட்டவனே வெட்கப்பட வேண்டும். அன்பினாலோ நம்பிக்கையாலோ ஏற்ற குறிக்கு வெட்கப்பட ஏதுமில்லை. பாட்டியின் கையிலுள்ள பச்சை, அவர் தாய் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணீரைத் துடைத்துவிடக் குத்தப்பட்டது. பிறகு அந்தக் கை பால் மரம் சீவியது, பிள்ளைகளை வளர்த்தது, இரவில் செபத்திற்குக் குவிந்தது.

அடுத்த முறை பாட்டி தலைப்பை இழுத்து மூடினால், அந்தக் கையை எடுத்து நம் கைக்குள் வைத்துக்கொள்வோம். அந்தக் கோலத்தின் கதையைக் கேட்போம்.