சுதந்திராக் கட்சியும் சொத்துரிமையும்: நிலமற்றோர் தரப்பிலிருந்து ஒரு வாசிப்பு

பழமைவாதம் என்ற சொல்லைக் கேட்டதும் இன்று மதவாத அரசியலே பலருக்கும் நினைவில் எழுகிறது. பொருளாதாரம், அரசமைப்பு, சொத்துரிமை ஆகியவற்றைப் பற்றி வரையறுத்த கொள்கையோடு பேசிய வேறொரு பழமைவாதமும் இந்நாட்டில் இருந்தது. சுதந்திராக் கட்சியே அதன் முழுமையான வடிவம். அக்கட்சி மறைந்து அரை நூற்றாண்டு ஆகிறது. அதன் வாதங்கள் மறையவில்லை. நீதிமன்ற மனுக்களிலும் நாளிதழ்த் தலையங்கங்களிலும் வேறு பெயர்களில் இன்றும் உலவுகின்றன.

1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, நில உச்சவரம்பையும் கூட்டுறவுப் பண்ணை முறையையும் ஏற்றுத் தீர்மானம் இயற்றியது. அதை எதிர்த்து அவ்வாண்டு ஜூன் மாதம் சென்னையில் புதிய கட்சி அறிவிக்கப்பட்டது. இராஜாஜிக்கு அப்போது வயது 80. முன்னாள் சோசலிஸ்டான மினு மசானி, விவசாயிகள் தலைவர் என்.ஜி. ரங்கா, அரசமைப்பு வரைவுக் குழுவில் இருந்த கே.எம். முன்ஷி ஆகியோர் உடன் நின்றனர். கட்சியின் 21 கோட்பாடுகளில் சாதி, மத வேறுபாடற்ற சமூக நீதியும் சம வாய்ப்பும் இடம்பெற்றிருந்தன என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். 1962 மக்களவைத் தேர்தலில் 18 இடங்களையும், 1967இல் 44 இடங்களையும் பெற்று மிகப்பெரிய எதிர்க்கட்சியாக உயர்ந்தது. 1971இல் 8 இடங்களாகச் சுருங்கி, 1974இல் சரண்சிங் தலைமையிலான பாரதிய லோக் தளத்தில் இணைந்தது. ராஜஸ்தானிலும் ஒரிசாவிலும் அதன் வாக்குபலம் முன்னாள் அரச குடும்பங்களைச் சார்ந்திருந்தது. சென்னை மாகாணத்தில் 1967இல் தி.மு.க. கூட்டணியில் நின்று 20 சட்டமன்ற இடங்களை வென்றது.

உரிமம், அனுமதி, ஒதுக்கீடு ஆகியவற்றால் நடக்கும் ஆட்சி என்று இராஜாஜி நேரு காலப் பொருளாதாரத்தைச் சாடினார். அச்சாடலில் உண்மை உண்டு. உரிமம் வழங்கும் அதிகாரியின் மேசையை எட்டக்கூடிய சாதிகள் எவை என்பதை நாம் அறிவோம்; தொழில் தொடங்க உரிமம் பெற்ற சேரிவாசி எத்தனை பேர்? ஆனால் அக்கட்சி கண்ட தீர்வு, அரசு ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பது. ஊர்க் கிணற்றில் நீர் எடுக்கவும் கூலி கேட்கவும் அரசின் சட்டத்தைத் தவிர வேறு துணையற்றவருக்கு அரசு ஒதுங்கினால் எஞ்சுவது ஊர்தான். அண்ணல் அம்பேத்கர் 1947இல் ‘அரசுகளும் சிறுபான்மையினரும்’ என்ற ஆவணத்தில் நேர்எதிர்த் திசையில் சென்றார். வேளாண்மை அரசுத் தொழிலாக வேண்டும், நிலம் சாதி பாராமல் குடிகளுக்குப் பயிரிடத் தரப்பட வேண்டும், இவை அரசமைப்பிலேயே எழுதப்பட வேண்டும் என்று அவர் முன்மொழிந்தார்.

இராஜாஜியை ஒரே வண்ணத்தில் தீட்டுவது எளிது, சரியன்று. அவரது முதல் ஆட்சியில் 1939இல் ஆலய நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. 1952இல் அவரது அரசே தஞ்சாவூர் குத்தகைதாரர் மற்றும் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல், அதாவது ஏறத்தாழ 6.67 ஏக்கருக்கு மேல், நிலம் உடையவர் பண்ணையாளை விருப்பம்போல் வெளியேற்ற அது தடை விதித்தது. குத்தகைதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கை உறுதிசெய்தது. மிராசுதார்கள் பலர் பண்ணையாட்களைத் தினக்கூலிகளாக மாற்றிக்கொண்டு சட்டத்திலிருந்து நழுவினர் என்பது வேறு கதை. அடுத்த ஆண்டே அதே முதலமைச்சர் கிராமப்புறத் தொடக்கப்பள்ளி நேரத்தைப் பாதியாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் தொழில் கற்க வேண்டும் என்றார். குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் பெயரிட்டனர். 1954இல் அவர் பதவி விலகினார். இரண்டுக்கும் அடியில் ஓடுவது ஒரே சிந்தனைதான். மேலிருப்பவர் கருணையோடு நடக்க வேண்டும்; அடுக்கு குலையக் கூடாது. காந்தியின் தர்மகர்த்தாக் கொள்கையைச் சுதந்திராக் கட்சி தன் கோட்பாடுகளில் ஏற்றதும் இதனால்தான்.

சட்ட வரலாற்றில் இம்மோதல் கூர்மையடைந்த ஆண்டு 1964. நிலத்தின் உச்சவரம்பை 30 தர ஏக்கராக நிர்ணயித்த 1961ஆம் ஆண்டின் சென்னை நிலச் சீர்திருத்தச் சட்டத்தை, கிருஷ்ணசாமி நாயுடு வழக்கில் உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு மார்ச்சில் செல்லாததாக்கியது. ‘குடும்பம்’ என்பதன் வரையறையும் இழப்பீட்டைப் படிப்படியாகக் குறைத்த முறையும் சமத்துவ உரிமைக்கு முரண் என்பது காரணம். சமத்துவத்தைக் கூறும் 14ஆம் பிரிவு நிலவுடைமையாளரைக் காக்கப் பயன்பட்டதை நம் சட்டக் கல்லூரிகள் போதிய அளவு பேசுவதில்லை. ஜூனில் வந்த 17ஆம் திருத்தம் ரயத்துவாரி நிலங்களையும் 31அ பிரிவுக்குள் கொண்டுவந்து, இச்சட்டம் உள்ளிட்ட 44 சட்டங்களை ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்தது. சுதந்திராக் கட்சி அதைக் குடியானவரின் நிலத்தைப் பறிக்கும் திருத்தம் என்று எதிர்த்தது. உச்சவரம்புக்குட்பட்டுத் தானே பயிரிடும் நிலத்தை எடுத்தால் சந்தை மதிப்பு தர வேண்டும் என்ற காப்பு அத்திருத்தத்திலேயே இருந்தது.

அதே ஆண்டு டிசம்பர் 6 அன்று தாதாசாகேப் கெய்க்வாட் தலைமையில் இந்தியக் குடியரசுக் கட்சி நாடெங்கும் நில சத்தியாகிரகத்தைத் தொடங்கியது. தரிசு நிலத்தை உழுபவருக்குக் கொடு என்று கேட்டுப் பல்லாயிரம் தலித்துகள் சிறை சென்றனர். ஒரே ஆண்டில் நிலத்தைப் பற்றி இரு குரல்கள் எழுந்தன. அரசமைப்புச் சட்டப் பாடநூல்களில் இடம்பெற்றது முதல் குரல் மட்டுமே.

1951ஆம் ஆண்டின் முதல் திருத்தமே சீரழிவின் தொடக்கம் என்ற வாதம் இப்போது மீண்டும் எழுதப்படுகிறது. பேச்சுரிமையை அது சுருக்கியது என்ற குறை நியாயமானது. ஆனால் ஜமீன் ஒழிப்பைக் காத்த 31அ, 31ஆ பிரிவுகளும், செண்பகம் துரைராஜன் தீர்ப்புக்குப் பின் இடஒதுக்கீட்டைக் காத்த 15(4) பிரிவும் அதே திருத்தத்தில் பிறந்தவை. திருத்தம் முழுவதையும் பழிப்பவரிடம் இவற்றை என்ன செய்வதாக இருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும்.

சொத்துரிமையே அனைத்துக்கும் அடித்தளம் என்போர் வாய்திறக்காத ஒரு சொத்து உண்டு. செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்கீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பிறந்த அரசாணையின்படி ஒடுக்கப்பட்டோருக்கு ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலம் அது. முதல் பத்தாண்டுகள் விற்கவோ அடகு வைக்கவோ கூடாது, பின்னரும் அதே வகுப்பினருக்கே மாற்றலாம் என்ற நிபந்தனையோடு வழங்கப்பட்ட அந்நிலத்தின் பெரும்பகுதி பிறர் கையில் உள்ளது. அதை மீட்கக் கோரி 1994இல் செங்கல்பட்டில் நடந்த காரணைப் போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர்.

1978இல் 44ஆம் திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்து நீக்கி 300அ பிரிவில் வைத்தது. சட்டத்தின் வழியன்றி எவரது சொத்தையும் பறிக்கலாகாது என்கிறது அது. பஞ்சமி நிலத்தை வாங்கியவர் அப்பிரிவைக் காட்டித் தம் பத்திரத்தை நீட்டும்போது, நாம் காட்ட வேண்டியது 1892 நிபந்தனையையும் ‘அ’ பதிவேட்டையும். முதலில் பறிக்கப்பட்டது எவருடைய சொத்து என்ற கேள்வி அந்த ஏடுகளில்தான் தொடங்குகிறது.