ஃப்ளாரன்ஸ் நகரத்துக் கற்சித்திர நகைகள்

இத்தாலியின் பழைய மொசைக் நகைகளில் இரண்டு மரபுகள் உண்டு. ரோமாபுரி மரபு கண்ணாடியால் ஆனது. வண்ணக் கண்ணாடியை உருக்கி நூலாக இழுத்து, கடுகினும் சிறிய துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றாக நட்டுப் படம் ஆக்குவார்கள். கல்லை மட்டுமே நம்பியது ஃப்ளாரன்ஸ் மரபு. அதற்குப் பெயர் பியேத்ரா தூரா.

ஃப்ளாரன்ஸை ஆண்ட மெதிசி குலத்து முதலாம் பெர்தினாந்தோ 1588-ல் இதற்கென அரசப் பட்டறை ஒன்றை நிறுவினார். சான் லொரென்சோ தேவாலயத்தில் அக்குலத்தாருக்காக எழுப்பிய கல்லறை மண்டபத்தின் சுவர்களை அந்தப் பட்டறைதான் வண்ணக்கற்களால் போர்த்தியது. சுவருக்கும் மேசைக்கும் பழகிய கை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ப்ரூச், காதணி, கைவளை என்று சிறுத்தது. ஊர் சுற்றிப் பார்க்க வந்த ஆங்கிலேயச் சீமாட்டிகள் வாங்கிப் போனார்கள். நகரத்துத் தனிப்பட்டறைகள் அதனால் பிழைத்தன.

வேலை தொடங்குவது காகிதத்தில். பூவின் ஒவ்வொரு இதழையும் தனித்தனியே வெட்டிய காகித அச்சைக் கல் பலகையின் மேல் நகர்த்திப் பார்க்கிறார் கைவினைஞர். வெளுப்பிலிருந்து சிவப்புக்கு நிறம் எங்கே சரிகிறதோ அங்கே அச்சை ஒட்டுவார். இதழின் நிழலைத் தூரிகை தருவதில்லை. கல்லுக்குள் ஏற்கெனவே இருப்பதைத் தேடி எடுக்க வேண்டும். ஒரு சாண் பலகையில் ஒரே ஓர் இதழுக்குத்தான் இடம் அமையும் என்றால் மிச்சத்தை ஒதுக்கவும் துணிய வேண்டும். இக்கலையின் பாதி இந்தத் தேர்வில் இருக்கிறது என்பேன்.

அறுப்பது வில் ரம்பம். வளைந்த மரக்கொம்பில் கட்டிய இரும்புக் கம்பிக்குப் பல் கிடையாது; ஈரச் சாணைத்தூள்தான் கல்லைத் தின்கிறது. பிறகு அரம். துண்டின் விளிம்பைப் பின்பக்கம் சற்றே சரித்துத் தேய்ப்பார்கள். முகப்பில் கல்லும் கல்லும் மயிரிழை இடைவெளியின்றிச் சேரும், பின்னால் உள்ள பள்ளத்தில் மெழுகும் பிசினும் கலந்த பசை தங்கும். பூவின் வடிவத்தை அப்படியே வெட்டி நீக்கிய பெல்ஜியக் கறுப்புப் பளிங்கு பின்னணியாகும். அடியில் சிலேட்டுக்கல் தாங்கும். கடைசியில் மெருகு.

நம் ஊர் நகைக்கல் பட்டை தீட்டப்படுவது ஒளிக்காக. இங்கே எல்லாக் கல்லும் தட்டை. நிறம் ஒன்றே குறி. ஆகவே விலை உயர்ந்த நீலநிற லாபிஸ் கல்லும் ஆர்னோ ஆற்றங்கரைச் சாதாரணக் கல்லும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

1859-ல், ஃப்ளாரன்ஸைத் தலைநகராகக் கொண்ட தஸ்கனியின் கோமகன் ஆட்சி முடிந்ததும் அரசப் பட்டறை புரவலரை இழந்து, மெல்லப் பழுதுபார்க்கும் கூடமாக மாறியது. இன்றும் அது உலகறிந்த சீரமைப்பு நிறுவனம்.

பழைய ப்ரூச் கைக்கு வந்தால் இலையை உருப்பெருக்கியில் பாருங்கள். ஒரே கல்லில் பச்சை மங்கித் தேய்ந்தால் நல்ல கைவேலை. முழு இலையும் ஒரே பச்சையாக இருந்தால் அவசரச் சரக்கு. எதுவானாலும் வெந்நீரில் மட்டும் போடாதீர்கள். மெழுகு இளகும், இதழ் கழன்றுவிடும். உலர்ந்த மென்துணி போதும்.