வெள்ளைச் சீமாட்டி (ஓபரா)

வெள்ளைச் சீமாட்டி (பிரெஞ்சில் லா டாம் பிளான்ஷ்) என்பது பிரான்சுவா அத்ரியான் புவால்தியூ இசையமைத்த மூன்று அங்க ஓபரா ஆகும். 1825 டிசம்பர் 10 அன்று பாரிசில் ஓபரா கொமீக் குழுவினர் இதை முதன்முதலாக மேடையேற்றினர். பாடல்களையும் வசனத்தையும் எழுதியவர் ஒய்ழேன் ஸ்க்ரீப். வால்டர் ஸ்காட்டின் 'கை மேனரிங்', 'தி மொனாஸ்டரி', 'தி ஆபட்' ஆகிய நாவல்களிலிருந்து பகுதிகளை எடுத்து அவர் இக்கதையை அமைத்தார்.

'கொமீக்' என்ற சொல்லைக் கண்டு இதை வெறும் நகைச்சுவை நாடகம் என்று எண்ணிவிடக் கூடாது. பாடல்களுக்கு இடையே பேச்சு வசனம் வரும் ஓபராக்களையே பிரான்சில் அவ்வாறு அழைத்தனர். 1875இல் அரங்கேறிய 'கார்மென்' கூட இவ்வகையைச் சேர்ந்ததே. அதன் நாயகி இறுதியில் கொலை செய்யப்படுகிறாள்.

கதை 1759இல் ஸ்காட்லாந்தில் நடக்கிறது. அவெனெல் கோட்டையின் உரிமையாளர்கள் நாட்டை விட்டு வெளியேறி இறந்துவிட்டனர். சொத்தைப் பார்த்துக்கொண்ட காரியக்காரர் கேவ்ஸ்டன், கோட்டையை ஏலத்தில் எடுத்துத் தானே பிரபுவாகிவிடத் திட்டமிடுகிறார். அக்கோட்டையைக் காக்கும் வெள்ளை உடை ஆவி ஒன்று உண்டு என்பது ஊரார் நம்பிக்கை. கேவ்ஸ்டனின் பொறுப்பில் வளரும் அன்னா என்ற அனாதைப் பெண், அந்த ஆவியைப் போல வேடமிட்டு அவரது திட்டத்தைத் தடுக்க முயல்கிறாள். அங்கு வந்து சேரும் இளம் படை அதிகாரி ஜார்ஜ் பிரவுனுக்குத் தன் பிறப்பு பற்றி எதுவும் தெரியாது.

இரண்டாம் அங்கத்தின் முடிவில் வரும் ஏலக் காட்சியே இந்த ஓபராவின் உச்சம். குத்தகை விவசாயிகள் கூட்டாகச் சேர்த்த பணத்தை வைத்து டிக்சன் ஏலம் கேட்கிறார். கேவ்ஸ்டன் அதற்கு மேல் கேட்டு அவரை வீழ்த்துகிறார். அப்போது அன்னாவின் சொற்படி, கையில் காசில்லாத ஜார்ஜ் தொகையை உயர்த்திக்கொண்டே போய்க் கோட்டையை எடுத்துவிடுகிறான். குறித்த நேரத்தில் பணம் கட்டாவிட்டால் சிறை. தனிக்குரல்களும் கூட்டுக்குரல்களும் தொகையோடு சேர்ந்து ஏறும் இந்தக் காட்சியில், சட்ட நடைமுறை ஒன்றையே புவால்தியூ இசையாக்கிவிட்டார்.

மூன்றாம் அங்கத்தில் ஊரார் அவெனெல் குலத்தின் பழைய பாடலைப் பாடுகின்றனர். 'ராபின் அடேர்' என்ற மெட்டில் அமைந்த அப்பாடலைக் கேட்ட ஜார்ஜ், மீதியைத் தானே பாடி முடிக்கிறான். அவனே காணாமற்போன வாரிசு. சிலைக்குள் மறைத்துவைத்த குடும்பச் செல்வத்தைக் கொண்டு ஏலத் தொகை கட்டப்படுகிறது.

அன்றைய பாரிஸ் மக்களுக்கு இது தொலைதூரக் கதை அல்ல. புரட்சிக் காலத்தில் நாட்டை விட்டு ஓடிய பிரபுக்களின் நிலங்கள் பறிமுதல் செய்யப்பட்டு ஏலத்தில் விற்கப்பட்டிருந்தன. பத்தாம் சார்லஸ் ஆட்சியில், இந்த ஓபரா மேடையேறிய அதே 1825இல்தான், அவர்களுக்கு இழப்பீடு வழங்கும் சட்டம் பெரும் சர்ச்சைக்கிடையே நிறைவேறியது. சட்டம் பணத்தைத்தான் கொடுத்தது. நிலம் வாங்கியவர்களிடமே இருந்தது. மேடையிலோ வாரிசுக்குக் கோட்டையே திரும்பக் கிடைத்தது, அதுவும் முறையான ஏலத்தின் வழியாக. இரு தரப்பினரும் மனம் நோகாமல் கைதட்டக்கூடிய முடிவு இது, ஸ்க்ரீப் கெட்டிக்காரர்தான்.

இத்தாலியரான ரொசீனியின் புகழ் பாரிசை ஆட்கொண்டிருந்த வேளையில், இதைப் பிரெஞ்சு இசையின் பதிலாகப் பலர் கொண்டாடினர். 1826இல் பாரிஸ் வழியே லண்டன் சென்ற ஜெர்மானிய இசையமைப்பாளர் வேபரும் இதைப் பார்த்துப் பாராட்டினார். 1828இல் பாரிசில் ஓடத் தொடங்கிய குதிரைப் பேருந்துகள் சிலவற்றுக்கு 'வெள்ளைச் சீமாட்டிகள்' என்றே பெயர். 1862இல் ஓபரா கொமீக்கில் ஆயிரமாவது முறையாக இது நிகழ்த்தப்பட்டது.

அதைக் காணப் புவால்தியூ இல்லை. 1830 புரட்சியில் பத்தாம் சார்லஸ் பதவி இழந்ததும் அவருக்கு வந்த உதவித்தொகை நின்றுபோனது. தொண்டை நோயால் குரலையும் இழந்த அவர் 1834 அக்டோபர் 8 அன்று காலமானார்.