திட்டும் திறனும்: லினக்ஸ் கெர்னல் சமூகத்தை முன்வைத்து

லினக்ஸ் கெர்னலின் ஊடக இயக்கிகளைக் கவனித்துவந்த பராமரிப்பாளர் ஒருவருக்கு 2012 டிசம்பர் 23 அன்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய பகிரங்க மடல், திறமூல உலகில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. விவகாரம் சிறியது. கெர்னலில் செய்த ஒரு மாற்றத்தால், குறிப்பிட்ட ஓர் அழைப்புக்கு அதுவரை வந்ததற்கு மாறான பிழைக் குறியீடு திரும்பியது. பல்ஸ்ஆடியோ போன்ற ஒலி மென்பொருள்கள் தடுமாறின. பிழை அந்த மென்பொருளில்தான் இருக்க வேண்டும் என்றார் பராமரிப்பாளர். டோர்வால்ட்ஸின் மறுமொழியில் இருந்த தொழில்நுட்பக் கருத்து ஒரே வரியில் அடங்கும்: நேற்றுவரை ஓடிய மென்பொருளை முடக்கும் எந்த மாற்றமும் கெர்னலின் பிழையே. மீதியெல்லாம் வசை. வாயை மூடச் சொன்னதுதான் அதில் அச்சிடத் தகுந்த பகுதி.

அந்த ஒரு வரி சரியானது என்பதில் எனக்கு ஐயமில்லை. வசைக்கு வக்காலத்து வாங்குவோர் இதையே பிடித்துக்கொள்கிறார்கள். நிரலின் தரமே இங்கு அளவுகோல், பேச்சின் பதம் பார்க்கத் தொடங்கினால் மோசமான நிரலும் உள்ளே வந்துவிடும் என்பது அவர்கள் வாதம். தரத்தையும் பண்பையும் ஒரே தராசின் இரு தட்டுகளாக வைக்கும் இந்தப் பார்வையே பிழை என்பது என் துணிபு. ஒரு நிரலின் தரம் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடுவதில்லை. பலர் படித்து, கேள்வி கேட்டு, திருப்பியனுப்பி, மீண்டும் படித்த பிறகே அது தெரியவருகிறது. படிப்பவர்களை விரட்டும் பேச்சு, தரத்தை அறியும் கருவியையே மழுக்குகிறது.

யுஎஸ்பி 3.0 இயக்கியை எழுதிய சேஜ் ஷார்ப், 2013 ஜூலையில் டோர்வால்ட்ஸிடம் இதை நேரடியாகவே கேட்டார். போலி மரியாதை கடைசியில் முதுகில் குத்துவதில்தான் முடியும் என்ற பொருளில் பதில் வந்தது. கெர்னல் சமூகத்தை விட்டு விலகிவிட்டதாக 2015 அக்டோபரில் ஷார்ப் அறிவித்தார். இப்படிச் சொல்லிவிட்டுப் போனவர்களையாவது எண்ணலாம். அந்த மடல்களைப் படித்துவிட்டு வராமலே போனவர்களை யார் எண்ணுவது? இருப்பவர்கள் "எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்பதைச் சான்றாகக் கொள்ள முடியாது. தாக்குப்பிடித்தவர்கள் மட்டுமே அங்கே இருக்கிறார்கள்.

டோர்வால்ட்ஸின் பதிலை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. தரவுச் சுருக்க மென்பொருளான எக்ஸ்இசட்டில் நடந்து, 2024 மார்ச்சில் அம்பலமான சதி அதற்கு வலுவான சான்று. ஜியா டான் என்ற பெயரில் வந்தவர் பணிவாகப் பேசினார், ஒழுங்காக வேலை செய்தார், ஆண்டுக்கணக்கில் பொறுத்திருந்து பராமரிப்பாளர் பொறுப்பையும் பெற்றார், பிறகு 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு வைத்தார். எஸ்எஸ்எச் இணைப்பு அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் துருவியிராவிட்டால், அது எத்தனையோ வழங்கிகளுக்குப் பரவியிருக்கும். ஆக, பண்பான பேச்சு நம்பகத்துக்கு உத்தரவாதம் தராது. ஆனால் கதையின் மறுபாதியையும் பார்க்க வேண்டும். தனியாளாகச் சுமந்து களைத்திருந்த பழைய பராமரிப்பாளரை 2022இல் சில பெயர்கள் நச்சரித்தன: வேலை நடக்கவில்லை, வேறொருவரிடம் கொடுங்கள் என்று. அவை அதே சதியின் பொய்ப்பெயர்கள் என்றே பரவலாகக் கருதப்படுகிறது. பணிவு கதவருகே கொண்டுவந்து நிறுத்தியது. கதவைத் திறக்க வைத்தது கடுமைதான்.

2018 செப்டம்பரில் டோர்வால்ட்ஸ் மன்னிப்புக் கேட்டுச் சிறிது காலம் ஒதுங்கினார். கெர்னல் நடத்தை நெறியை ஏற்றது. இனி தரம் சரியும் என்று ஆரூடம் சொன்னவர்கள் பலர். ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒரு பதிப்பு என்ற ஓட்டம் குலையவில்லை. டோர்வால்ட்ஸும் சாதுவாகிவிடவில்லை. 2025 ஆகஸ்டில் ரிஸ்க்-ஃபைவ் கட்டமைப்புக்கான ஒரு தொகுப்பைக் குப்பை என்று திருப்பியனுப்பினார். இரண்டு 16-பிட் எண்களை இணைத்து ஒரு 32-பிட் எண்ணாக்கும் சின்னஞ்சிறு துணைநிரல் ஒன்று அதில் இருந்தது. பெயரைப் பார்த்தால் எந்த எண் மேல்பாதி, எந்த எண் கீழ்பாதி என்று தெரியாது. இடப்பெயர்ச்சிக் குறியை நேரடியாக எழுதினால் படித்ததும் விளங்கும் என்பது அவர் வாதம். சுடுசொல்தான், ஆனால் எதைத் திருத்த வேண்டும் என்பதை அந்தச் சொல்லிலிருந்து எடுத்துக்கொள்ள முடிகிறது. 2012 மடலிலோ பாடத்தை வசையிலிருந்து பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

கடினமான வழக்கு பிகேஷ்எஃப்எஸ். 2024 ஜனவரியில் வெளியான 6.7 பதிப்பில் சேர்ந்த இந்தக் கோப்பு முறைமையின் தரத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. அதை எழுதிய கென்ட் ஓவர்ஸ்ட்ரீட் சக நிரலாளர் ஒருவரை இழித்துப் பேசியதால், நடத்தை நெறிக் குழுவின் பரிந்துரைப்படி 6.13 சுற்றில் அவர் அனுப்பிய நிரல்கள் ஏற்கப்படவில்லை. அடுத்த ஆண்டு, பிழைத்திருத்தங்கள் மட்டுமே வரவேண்டிய கட்டத்தில் புதிய மீட்பு வசதியை அனுப்பினார். பயனரின் தரவைக் காப்பது விதியைவிடப் பெரிது என்றார். இலேசான வாதமல்ல அது. எனினும் பிறர் நிரலோடு சேர்ந்தே ஓட வேண்டிய ஒன்றின் தரத்தில், அதை எழுதியவரோடு பிறர் வேலைசெய்ய முடியுமா என்பதும் அடங்கும். 6.18 பதிப்பில் பிகேஷ்எஃப்எஸ் இல்லை. கெர்னலுக்கு வெளியே தனித்து வளர்கிறது.

இந்த முடிவு சரியென்றே நினைக்கிறேன். ஆனால் இதே அளவுகோல் 2012இல் இருந்திருந்தால், அந்த மடலுக்காக டோர்வால்ட்ஸும் ஒரு சுற்று வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும். அவரை அப்படி உட்காரவைக்கும் அதிகாரம் கொண்டவர் அன்று யாருமில்லை. 2018இல் ஒதுங்கியதும் அவரே எடுத்த முடிவுதான்.